வீட்டில் பிறந்த வாணிகம்



வீடு வேறு, தொழில் செய்யும் இடம் வேறு என்று நாம் இன்று பிரித்துப் பேசுகிறோம். காலையில் உண்டு உடுத்து வீட்டை விட்டுப் புறப்படுவதும், பொழுது சாய்ந்தபின் களைத்துத் திரும்புவதுமே வேலை என்று எண்ணுகிறோம். ஆனால் மனித இனத்தின் நெடிய வரலாற்றில் இந்தப் பிரிவினை மிக அண்மையில் தோன்றியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடம் போய், “உங்கள் வீடு எது, தொழிற்கூடம் எது?” என்று கேட்டிருந்தால் அவர் நம்மை விந்தையாகப் பார்த்திருப்பார். குயவரின் சக்கரம் அவர் வீட்டு முற்றத்தில் சுழன்றது. நெசவாளரின் தறிக்குழி அவர் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. கணவர் நெய்ய, மனைவி நூல் இழைக்க, பிள்ளைகள் தார் சுற்ற, பாட்டி சிக்கெடுக்க, வீடு முழுதும் தொழிலாகவும் தொழில் முழுதும் வீடாகவும் விளங்கின. பாவு நீட்டுவதற்கு மட்டும் தெரு வேண்டியிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். அக்பரைப் பற்றியும் நெப்போலியனைப் பற்றியும் என்னிடம் கேள்வி கேட்ட மாணவர் சிலரே. “ஐயா, எனக்குப் பிடித்த வேலையைச் செய்தே நான் வாழ முடியுமா?” என்று கேட்டவர்கள் பலர். அக்கேள்வியோடு இக்காலத்தில் மற்றொன்றும் சேர்ந்துவிட்டது. “வீட்டிலிருந்தபடியே, இணையத்தின் வழியாகப் பொருளை விற்று முன்னுக்கு வர இயலுமா?” என்கிறார்கள். ஓவியம் தீட்டும் பெண், மரத்தில் பொம்மை செதுக்கும் பையன், பலகாரம் செய்வதில் கைதேர்ந்த தாய், எல்லோர் உள்ளத்திலும் இன்று இவ்வினா எழுகிறது.

வரலாற்று ஆசிரியன் ஆரூடம் சொல்பவன் அல்லன். எதிர்காலத்தைப் பற்றி அவனுக்கு உங்களைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. ஆனால், “இவ்வழியில் முன்பு யாரேனும் சென்றிருக்கின்றனரா? அவர்களுக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்டால் அவனால் விடை சொல்ல முடியும். அவ்விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வீட்டில் தொழில் செய்த பழங்காலத்தவர் எல்லோரும் இன்பமாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டிலிருந்து உழைப்பது வேறு. உரிமையோடு உழைப்பது வேறு. இவ்விரண்டின் வேற்றுமையை நம் சோழமண்டலக் கரையின் வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

பதினேழாம் நூற்றாண்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இக்கரையில் நெய்யப்பட்ட துணிகளுக்கு ஐரோப்பாவிலும் கீழை நாடுகளிலும் பெரும் தேவை இருந்தது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோர் கடற்கரை ஊர்களில் பண்டசாலைகளை அமைத்து, உள்ளூர் வணிகர் வாயிலாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினர். வாங்குவோர் பலராக இருந்தமையால் நெசவாளருக்கு ஓரளவு பேரம் பேசும் வலிமை இருந்தது. ஒருவர் கொடுக்கும் விலை பிடிக்காவிடில் மற்றொருவரை நாடலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனியே ஆட்சியையும் கைப்பற்றியபோது நிலைமை மாறியது. வாங்குவோரும் அவர்களே, ஆள்வோரும் அவர்களே என்றாயிற்று. முன்பணம் வாங்கிய நெசவாளர் பிறருக்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். தறி மாறவில்லை, நெய்பவரின் கைத்திறன் குறையவில்லை, வீடும் அதே வீடுதான். மாறியது ஒன்றே. வாங்குவோரை அடையும் வழி பலவாக இருந்தது போய் ஒன்றாகச் சுருங்கியது. அவ்வொரு மாற்றத்தினால் கலைஞர் கூலியாளர் ஆனார். “என் பொருளை வாங்குபவரிடம் செல்லும் பாதை யார் கையில் இருக்கிறது?” என்பதே வீட்டுத் தொழில் செய்வோர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

இங்கிலாந்திலும் இதை ஒத்த நிலை இருந்தது. வணிகர் கம்பளியையோ பஞ்சையோ குடிசைதோறும் கொடுத்து, நூலாகவும் துணியாகவும் திரும்பப் பெற்றுக் கூலி கொடுத்தனர். மூலப்பொருளும் வணிகருடையது, சந்தையும் வணிகருடையது, குடிசையிலிருந்தவருக்கு உரியது உழைப்பு மட்டுமே. பின்னர் 1771-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் கிராம்ஃபோர்டு என்னும் ஊரில் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கினார். அதைப் பின்பற்றி ஆலைகள் பெருகின. ஆலையின் மணியோசைக்கு மக்கள் வீட்டை விட்டு வெளியேறினர். வீடும் வேலையும் இரண்டாகப் பிரிந்த காலம் அது.

அங்ஙனம் பிரிந்தவற்றை மீண்டும் இணைப்பதற்கு ஒரு வழி பிறந்தது. அது எந்திரத்தால் பிறந்ததன்று, தபாலால் பிறந்தது.

1840-ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். ஏழைகளுக்குக் கடிதம் என்பது எட்டாப் பொருள். ரௌலண்டு ஹில் என்ற சீர்திருத்தவாதியின் முயற்சியால் அவ்வாண்டில் நாடு முழுமைக்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னி என்று ஏற்பட்டது. அனுப்புபவர் ஒட்டும் தபால் தலையும் அப்போதே தோன்றியது. நம் நாட்டிலும் 1854-இல், தூரம் எவ்வளவாயினும் சிறு கடிதத்துக்கு அரையணா என்னும் முறை வந்தது. 1877-இல் வி.பி.பி. என்று நாம் வழங்கும் முறையும், 1880-இல் மணியார்டரும் ஏற்பட்டன.

வி.பி.பி. முறையின் நுட்பத்தை நீங்கள் உணர வேண்டும். முகம் அறியாத இருவர் வாணிகம் செய்யும்போது எழும் இடர் என்ன? “பணத்தை முதலில் அனுப்பினால் பொருள் வருமோ?” என்று வாங்குபவர் அஞ்சுகிறார். “பொருளை முதலில் அனுப்பினால் பணம் வருமோ?” என்று விற்பவர் அஞ்சுகிறார். தபால்காரர் இருவருக்கும் நடுவே நின்றார். பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுத்தார். பணத்தை அனுப்பியவரிடம் சேர்த்தார். ஐயம் நீங்கியது, வாணிகம் வளர்ந்தது. பின்னாளில் ஆனந்த விகடன் வாயிலாகவும் திரைப்படங்கள் வாயிலாகவும் பெரும்புகழ் பெற்ற எஸ். எஸ். வாசன் அவர்கள், 1928-இல் அவ்விதழை வாங்குவதற்கு முன் தபால்வழி வாணிகம் நடத்தியவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நியூடவுன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பிரைஸ்-ஜோன்ஸ் என்ற துணி வணிகர், அவ்வூரில் நெய்யப்படும் ஃபிளானல் என்னும் கம்பளித் துணியை 1861 முதல் தபால் வழியாக விற்கத் தொடங்கினார். சிற்றூர்க் கடைக்காரரின் வாடிக்கையாளராக விக்டோரியா மகாராணியும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் விளங்கினர் என்றால் தபாலின் ஆற்றலை அறியலாம். கடைவீதியில் இடம் கிடைக்காதவருக்கும் உலகில் இடம் உண்டு என்பதை அது காட்டியது.

இப்போது நான் சொல்ல விரும்பும் முதன்மையான வரலாற்றுக்கு வருகிறேன். அது செருமனி நாட்டில் நிகழ்ந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில், பிரென்ஸ் என்னும் ஆற்றின் கரையில், கீங்கென் என்ற சிறு நகரம் உண்டு. அங்கே 1847-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், கட்டடத் தொழில் செய்து வந்த ஒருவரின் இல்லத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்கரெட்டே ஸ்டைஃப் என்பது அக்குழந்தையின் பெயர். ஒன்றரை வயதில் கடுங்காய்ச்சல் கண்டது. இளம்பிள்ளை வாதம் என்று நாம் கூறும் அந்நோய் அவருடைய இரண்டு கால்களையும் முடக்கியது. வலக்கையையும் வலுவிழக்கச் செய்தது. பெற்றோர் பல மருத்துவர்களிடம் கொண்டு சென்றும் பயன் விளையவில்லை. சிறுவண்டியில் வைத்து உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அவரைப் பள்ளிக்கு இழுத்துச் சென்றனர்.

அக்காலத்தில் இத்தகைய பெண்ணுக்கு உலகம் என்ன வழியை வைத்திருந்தது? திருமணம் கைகூடுவது அரிது. ஆலையிலும் வயலிலும் வேலை இல்லை. பிறர் கையை எதிர்பார்த்து ஒரு மூலையில் அமர்ந்திருப்பதே அவருக்குரியது என்று பலரும் எண்ணியிருப்பர். ஆனால் அவருக்கு இரண்டு விருப்பங்கள் இருந்தன. ஒன்று, தைப்பது. மற்றொன்று, குழந்தைகளோடு பேசி மகிழ்வது.

வலுவிழந்த வலக்கையை வைத்துக்கொண்டு தையல் கற்பது எளிதன்று. ஆயினும் விடாமல் கற்றார். தம் தமக்கையரோடு சேர்ந்து உடை தைத்துக் கொடுத்தார். ஸிதர் என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கப் பிறருக்குக் கற்பித்தும் சிறிது பொருள் ஈட்டினார். தையல் எந்திரம் கீங்கென் நகருக்கு முதன்முதலாக வந்தது இவர்கள் இல்லத்துக்கே. அவ்வெந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுழற்ற வேண்டும். அவரால் அது இயலாது. ஆகவே எந்திரத்தையே திருப்பி வைத்து, இடக்கையால் சுழற்றித் தைத்தார். எந்திரத்துக்கு ஏற்பத் தம்மை மாற்ற முடியாதவர், தமக்கேற்ப எந்திரத்தைத் திருப்பிக் கொண்டார்.

தந்தையார் வீட்டின் ஒரு பகுதியைத் தையற்கூடமாக மாற்றி அமைத்துக் கொடுத்தார். அவ்வூரில் ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளித்துணியைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 1877-இல் மார்கரெட்டே அம்மையார் அத்துணியைக் கொண்டு உள்ளாடைகளும் உடைகளும் தைத்து விற்கும் தொழிலைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். சில பெண்களையும் வேலைக்கு அமர்த்திக் கொண்டார். வாழ்க்கைக்கு வழி பிறந்தது.

இனி விருப்பம் விளையாடிய இடத்தைக் காணுங்கள். ஒரு பெண்கள் இதழில் சிறு யானை உருவம் ஒன்றின் அளவுமாதிரி வெளியாகியிருந்தது. ஊசிகளைக் குத்தி வைப்பதற்கான சிறு மெத்தையாக அதைச் செய்யலாம். அதைப் பார்த்து அவர் யானைகளைத் தைத்துத் தெரிந்தவர்களுக்குப் பரிசாக அளித்தார். பெரியவர்கள் ஊசி குத்துவதற்கென்று பெற்றுக்கொண்ட யானையைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டனர். அது மென்மையாக இருந்தது, கீழே விழுந்தாலும் உடையவில்லை, அணைத்துக்கொண்டு உறங்கலாம். மரத்தாலும் பீங்கானாலும் ஆன பொம்மைகளுக்கு இல்லாத இயல்பு இது. குழந்தைகளை விரும்பிய அம்மையார் அவர்களுடைய கண்களில் ஒரு புதிய தொழிலைக் கண்டார். இது 1880-ஆம் ஆண்டு.

உடனே உடை தைப்பதை விட்டுவிட்டு யானைகளை மட்டும் செய்யத் தொடங்கினாரா? இல்லை. உடைத்தொழில் தொடர்ந்து நடந்தது. யானைகள் முதலில் சிலவே விற்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணிக்கை பெருகி, 1886-ஐ எட்டும்போது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விற்றிருந்தன. குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் எனப் பிற உருவங்களும் தோன்றின. வயிற்றைக் காத்த தொழில், உள்ளம் விரும்பிய தொழிலை ஆறாண்டுகளுக்கு மேல் தோளில் சுமந்தது. விரும்பியதைச் செய் என்று அறிவுரை சொல்வோர் பலர் இப்பகுதியைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். விருப்பத்துக்கு விதையாகும் வலிமை உண்டு. ஆனால் விதை மரமாகும் வரை உண்பதற்கு வேறு சோறு வேண்டும்.

அடுத்ததாக அவர் செய்தது, தம் பொருள்களின் படங்களும் விலைகளும் கொண்ட பட்டியலை அச்சிட்டது. 1892-இல் அது வெளியாயிற்று. நடக்க இயலாத அவருக்குப் பதிலாக அப்பட்டியல் ஊர் ஊராக நடந்தது. கடைக்குச் செல்ல முடியாதவரின் கடை தபால் பையில் ஏறிச் சென்றது. அடுத்த ஆண்டில் அவருடைய வாணிகம் முறைப்படி பதிவு செய்யப்பெற்றது.

அவருடைய தம்பியின் மகன் ரிச்சர்டு, ஓவியம் பயின்றவர். விலங்குக் காட்சிசாலையில் கரடிகளைக் கண்டு படம் வரைந்து, 1902-இல் கைகால்களை அசைக்கக்கூடிய பஞ்சுக் கரடி ஒன்றை வடிவமைத்தார். 1903-இல் லைப்சிக் நகரின் பொம்மைச் சந்தையில் அது வைக்கப்பட்டது. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. இறுதியில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்தார் என்பர். அந்நாட்டுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையின்போது கரடி ஒன்றைச் சுட மறுத்த செய்தி அப்போது பரவியிருந்தது. அவருடைய செல்லப் பெயரால் அக்கரடிப் பொம்மை டெடி கரடி ஆயிற்று.

புகழ் வந்ததும் போலியும் வந்தது. பிறர் அதே உருவில் தரம் குறைந்த பொம்மைகளைச் செய்து விற்றனர். தம் பொருள் இது என்று வாங்குவோர் அறிவது எங்ஙனம்? 1904-இல் ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பதிக்கப்பட்டது. முகமறியாத குழந்தையின் தாய்க்குக் கீங்கென் வீட்டிலிருந்து எழுதிய உறுதிமொழி அப்பொத்தான். 1907-இல் ஏறத்தாழ 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலையில் 400 பேரும், தங்கள் வீடுகளில் இருந்தவாறே 1,800 பேரும் அவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். 1909-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அந்நிறுவனம் இன்றும் அதே ஊரில் இயங்கி வருகிறது.

இவ்வரலாற்றில் நால்வகைத் துணைகள் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தையலில் விருப்பம், குழந்தைகள் என்ன விரும்புகின்றனர் என்று நோக்கும் கண், பட்டியலும் தபாலும் ஆகிய பாதை, பொத்தான் ஆகிய நம்பிக்கை. இவற்றுள் முதலாவது மட்டும் இருந்திருந்தால், கீங்கென் நகரில் நன்றாகத் தைக்கும் ஓர் ஏழைப் பெண் இருந்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், மும்பையின் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே முதல். அன்று செய்தவை நான்கு கட்டுகள். லிஜ்ஜத் என்ற பெயரில் வளர்ந்த அவ்வமைப்பில் பின்னாளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினராயினர். எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர்கள் முறை எளியது. பிசைந்த மாவைக் கிளையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். வீட்டுவேலைகளுக்கு இடையே தேய்த்து உலர்த்துவர். மறுநாள் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுவர். மேலோட்டமாகப் பார்த்தால், பழங்காலத்து வணிகர் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கிய முறையும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இங்கே மாவைக் கொடுப்பவரும் இலாபத்தைப் பங்கிடுபவரும் அதே பெண்கள். தனியொருத்தியால் சந்தைக்குச் செல்லும் பாதையை அமைக்க இயலாது. பலர் சேர்ந்து அதைத் தமக்கு உரியதாக ஆக்கிக்கொண்டனர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. அடுத்த சில நாள்களில், செப்டம்பர் மாதத் தொடக்கத்து விடுமுறையின்போது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர், மக்கள் தமக்குள் பொருள்களை ஏலத்தில் விற்கவும் வாங்கவும் உதவும் இணையப் பக்கம் ஒன்றைத் தம் இல்லத்திலிருந்து அமைத்தார். அதில் முதலில் விற்றது, பழுதுபட்ட லேசர் சுட்டுக்கருவி ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். “இது வேலை செய்யாது என்பது தெரியுமா?” என்று கேட்டபோது, பழுதான கருவிகளைச் சேகரிப்பதே தம் விருப்பம் என்று வாங்கியவர் விடையளித்தாராம். உலகில் எப்பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஒமிட்யாரும் உடனே தம் உத்தியோகத்தை விடவில்லை. வீட்டுக்கு வரும் கட்டணத் தொகை பெருகிய பின்னரே, 1996-இல் அதை விட்டார். அவ்வாண்டிலேயே, விற்றவரைப் பற்றி வாங்கியவரும் வாங்கியவரைப் பற்றி விற்றவரும் வெளிப்படையாகக் கருத்து எழுதும் முறையை ஏற்படுத்தினார். ஈபே என்று 1997 முதல் வழங்கும் அந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அது பெருந்துணை ஆயிற்று. கரடியின் காதில் இருந்த பொத்தானும், வி.பி.பி. தபால்காரரும், இணையத்தில் எழுதப்படும் இக்கருத்துகளும் செய்யும் பணி ஒன்றே. முகமறியாத இருவருக்கு இடையே அவை நம்பிக்கையை நாட்டுகின்றன.

2005-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கைவினைப் பொருள் செய்வோருக்கென்றே எட்சி என்னும் இணையச் சந்தை தோன்றியது. பின்னல் வேலை செய்யும் பாட்டிமாரும் மண்பாண்டம் வனையும் இளைஞரும் தம் வீட்டு அறையிலிருந்தே உலகுக்கு விற்றனர். 2016-இல் நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தபின், பத்து ரூபாயையும் நொடிப்பொழுதில் வீட்டு வாயிலில் பெற்றுக்கொள்ளும் வசதி நமக்கும் கிடைத்தது. வீட்டை விட்டு வெளியேறிய தொழில், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் வீட்டு வாசற்படியில் காலெடுத்து வைத்தது எனலாம்.

ஆயினும், வரலாறு கற்றவர் இங்கே விழிப்புடன் இருக்க வேண்டும். எட்சி சந்தையில் விற்பவர் ஒவ்வொரு விற்பனைக்கும் செலுத்தும் பங்கு தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்றரை. 2018-இல் அது ஐந்தாயிற்று, 2022-இல் ஆறரையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர் தம் இணையக் கடைகளைச் சில நாள் மூடி வைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். கட்டணம் மாறவில்லை. அவர்கள் எழுப்பிய குரலில், முன்பணம் வாங்கிக் கட்டுண்ட சோழமண்டல நெசவாளரின் குரல் எனக்குக் கேட்கிறது. காலமும் கருவியும் வேறு; ஆனால் கேள்வி அதுவே. பாதை யார் கையில்?

சந்தை நடத்துவோருக்குக் கட்டணம் கொடுப்பது முறையே. சுங்கம் இல்லாத சாலை பழங்காலத்திலும் இல்லை. ஆனால் ஒரே சாலையை மட்டும் நம்பி வாழ்பவர், அச்சாலைக்கு உரியவரின் மனம் மாறும் நாளில் திகைத்து நிற்பார். ஆகவே, வீட்டிலிருந்து வாணிகம் செய்ய விரும்பும் மாணவர்க்கு நான் கூறுவன சில.

முதலாவது, உங்கள் விருப்பத்தைச் சோதித்துப் பாருங்கள். ஓவியம் தீட்டுவது இன்பம். அதே ஓவியத்தைப் பொதிந்து கட்டி, முகவரி எழுதி, கணக்கில் பதிந்து, உடைந்து திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பதும் உங்களுக்கு இயலுமா? இயலும் என்றால் அவ்விருப்பம் தொழிலாகும். இயலாது என்றால் வருந்த வேண்டியதில்லை. அது உங்கள் ஓய்வு நேரத்துக்கு ஒளியாக இருக்கட்டும். விரும்பிய எல்லாவற்றையும் விற்றே ஆக வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

இரண்டாவது, முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுங்கள். வீட்டுப் பணமும் தொழிற் பணமும் ஒரே டப்பாவில் கிடந்தால், இலாபமா இழப்பா என்று பிரமனும் அறியமாட்டான். உங்கள் உழைப்புக்குரிய கூலியையும் விலையில் சேர்த்தே எண்ணுங்கள். தம் கூலியைக் கணக்கில் சேர்க்காதவர், வாங்குவோருக்குத் தம் வாழ்நாளை இலவசமாகக் கொடுக்கிறார்.

மூன்றாவது, ஒருமுறை வாங்கியவரின் பெயரையும், அவர் இசைந்தால் முகவரியையும், உங்கள் சொந்த ஏட்டில் குறித்து வையுங்கள். பெரிய சந்தைகளில் விற்கலாம். ஆனால் அச்சந்தை ஒருநாள் கதவை அடைத்தாலும், “என்னிடம் வாங்கியவர்கள் இவர்கள்” என்று சொல்ல உங்களிடம் ஓர் ஏடு இருக்க வேண்டும். அதுவே உங்கள் உரிமைப் பட்டயம். தனியே இயலாவிடில், கிர்காவ் மாடியில் கூடிய எழுவரைப் போல ஒத்த தொழில் செய்வோருடன் கூடுங்கள்.

நான்காவது, காதில் பொத்தான் இல்லாத பொருளை அனுப்பாதீர்கள். உலோகப் பொத்தானை நான் சொல்லவில்லை. அளவு குறையாமை, சொன்ன நாளில் சேர்த்தல், குறையிருந்தால் ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இவையே உங்கள் பொத்தான். உங்கள் முகத்தை வாங்குபவர் பார்ப்பதில்லை; பொருளையே பார்க்கிறார். அதுவே அவருக்கு உங்கள் முகம்.

நண்பர்களே, கீங்கென் அம்மையார் தம் வீட்டுப் படியைத் தம் கால்களால் கடந்தவர் அல்லர். அவர் தைத்த யானையும் கரடியும் கடல் கடந்தன. அவர் காலத்தில் பட்டியல் ஒன்றை அச்சிட்டு அனுப்பவும் பெரும்பாடுபட வேண்டும். இன்று அதைவிட விரைந்து செல்லும் பாதை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. கையில் திறனும், வாங்குவோர் விருப்பத்தை நோக்கும் கண்ணும், ஏட்டில் ஒழுங்கான கணக்கும், சொல்லில் நாணயமும் கொண்டு அப்பாதையில் செல்லுங்கள். எங்கே சுங்கச்சாவடி இருக்கிறது, அதற்கு யார் உரியவர் என்று மட்டும் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.